வாய் கொப்பளித்தவன்

அந்த வருஷம் கோடை முடிந்து முதல் மழை பெய்த மறுநாள் காலையில் செவ்வூருணிக்காரர்கள் எல்லோரும் வாசலுக்கு வந்து பல் விளக்கினார்கள், யாருடைய வாயும் சுத்தமாகவில்லை.

சித்திரையும் வைகாசியும் தண்ணீர் லாரியை நம்பியே கழிந்திருந்தன. பல்லைப் பொடி போட்டுத் தேய்த்துவிட்டு ஈரத்துணியால் துடைத்துக்கொள்வதும், குளிப்பதற்குப் பதிலாகக் கழுத்தையும் அக்குளையும் ஒற்றி எடுப்பதும், எண்ணெய் தேய்ப்பதென்ற பேச்சையே மறந்துவிடுவதுமாக ஊர் அந்தக் கோடையைத் தள்ளியிருந்தது. அதனால் ஓட்டிலிருந்து சொட்டிய மழையை அண்டா, குண்டான், பிள்ளைகள் விளையாடும் சொப்பு என்று கைக்குக் கிடைத்ததிலெல்லாம் பிடித்துவைத்து, உச்சந்தலையில் நல்லெண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்த்து, கோடையின் புழுதியையெல்லாம் காதுமடலிலிருந்து கால்விரல் இடுக்குவரை கழுவி இறக்கினார்கள். பஞ்சவர்ணத்தின் கடையில் அன்று புது பிரஷ்ஷும் பேஸ்ட்டும் மத்தியானத்துக்குள் தீர்ந்துபோயின. பஸ் நிறுத்தத்துப் புளியமரத்தடியில் தகரம் வேய்ந்த சின்னக் கடை அது. பஞ்சவர்ணம் புருஷனை இழந்தபின் அதை வைத்துத்தான் தன் தம்பி தவசியை வளர்த்து ஆளாக்கினாள்.

குளித்து, விளக்கி, தலையை உலர்த்திக்கொண்டு மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசத் தொடங்கியபோதுதான் அந்த வாடை தெரிந்தது. வெயிலில் கிடந்த தோல்பையைத் தண்ணீரில் ஊறப்போட்டு மறந்துவிட்டால் வருமே, அந்த மாதிரி. முதலில் ஒவ்வொருவரும் எதிரில் இருப்பவருடையது என்று நினைத்தார்கள். பிறகு உள்ளங்கையைக் குவித்து ஊதிப்பார்த்து, உள்ளே போய்த் திரும்பவும் பல் விளக்கினார்கள்.

உப்பால் தேய்த்தார்கள், உமிக்கரியால் தேய்த்தார்கள், வேப்பங்குச்சியை நாராகும்வரை மென்றார்கள். கொய்யாக் கொழுந்தையும் கிராம்பையும் அடக்கிக்கொண்டார்கள். பஞ்சவர்ணம் டவுனுக்குப் போய் நீலநிறத்தில் குப்பியில் வரும் மருந்துத் தண்ணீரை ஒரு பெட்டி வாங்கிவந்தாள், அதுவும் இறக்கிவைத்த சூட்டோடு தீர்ந்தது. டவுனிலிருந்து ஒரு பல் டாக்டர் வந்து பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார். ஒவ்வொரு வாயாக விளக்கடித்துப் பார்த்து, சொத்தை இல்லை, ஈறு வீங்கவில்லை, எல்லாம் நல்ல பல்லாகத்தான் இருக்கிறது என்று சொன்னார். சொல்லிக்கொண்டே முகக்கவசத்தின் மேல் இன்னொரு முகக்கவசத்தை மாட்டிக்கொண்டார். சாயங்காலம் வரை இருப்பதாகச் சொன்னவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே கிளம்பிவிட்டார்.

அதன்பிறகு ஊர் அந்த வாடையோடு பழகத் தொடங்கியது. பேசும்போது துண்டாலும் முந்தானையாலும் வாயைப் பொத்திக்கொள்வது மரியாதை என்றானது. செவ்வூருணி நிறுத்தம் வந்ததும் கண்டக்டர் சொல்லாமலே பஸ்ஸில் சன்னல்கள் திறந்துகொண்டன. திருநீறு போடும் சாமியாடி நெற்றியில் ஊதுவதை விட்டுவிட்டு, பக்கவாட்டில் திரும்பி ஊதினார், சாமியும் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. பெண் பார்க்க வந்தவர்களுக்கு முதலில் பத்தி கொளுத்தி, அப்புறம்தான் வாங்க என்று சொன்னார்கள். வெளியூர்க்காரர்கள் கேட்டால், எங்க ஊருத் தண்ணி அப்படி என்று பதில் சொன்னார்கள். பக்கத்து ஊர்க்காரனும் அதே கண்மாய்த் தண்ணீரைத்தான் குடித்தான், அவன் வாய் நன்றாகத்தான் இருந்தது.

யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதும் மெல்ல விளங்கியது. கைக்குழந்தைகளுக்கு இல்லை. கோடை முழுக்கத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்துவிட்டு வந்தவர்களுக்கு இல்லை, ஆனால் வந்து இரண்டொரு நாள் கூட்டாளிகளோடு உட்கார்ந்து எழுந்ததும் அவர்களும் துண்டைத் தேடினார்கள். கல்யாணமாகி வந்த பெண்கள் முதலில் மூக்கைச் சுளித்தார்கள், வாந்தி எடுத்தார்கள். பிறகு ஒருநாள் விடியலில் எழுந்து வாசல் தெளிக்கும்போது அவர்கள் வாயிலும் அது இருக்கும். புருஷன் சொல்லிவிட்டான் என்று அர்த்தம். மாமியார்காரி அன்றைக்குத்தான் சாவிக்கொத்தை எடுத்துக் கொடுப்பாள்.

அவர்கள் சொன்னதும் சொல்லாமல் வைத்திருந்ததும் இதுதான்.

அக்னி நட்சத்திரம் முடியாத ஒரு மத்தியானம், தண்ணீர் லாரி வந்து தெருமுனைத் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தபோது, கிடை போட்டுக்கொண்டே ஊர் ஊராய்ப் போகும் ஆட்டுக்காரன் ஒருவன் மந்தையை மரத்தடியில் விட்டுவிட்டு வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டான். வரிசையில் நின்ற யாரோ ஒரு செம்பு மொண்டு கொடுத்தார்கள். அவன் பாதியைக் குடித்தான். மீதியை வாயில் ஊற்றி, தலையை அண்ணாந்து, தொண்டையில் களகளவென்று சத்தம் வர நிதானமாகக் கொப்பளித்துத் தரையில் துப்பினான். நாள்கணக்கில் வாய் காய்ந்து, நாக்கு அண்ணத்தில் ஒட்ட, குடத்துக்கு அடித்துக்கொண்டு நின்றிருந்த அத்தனை பேரும் அந்தத் தண்ணீர் புழுதியில் விழுந்து ஒரு கறையாகச் சுருங்கி உள்ளே இறங்கியதைப் பார்த்தார்கள்.

“வாய்க்குள்ள ஒரே மண்ணு” என்று அவன் சொன்னான். சொல்லும்போது முகத்தில் ஒரு சுகம் இருந்தது. அந்தச் சுகத்தைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.

முதல் குடம் யார் எறிந்தது என்பது யாருக்கும் தெரியாது. பிறகு நிறையக் கைகள். கடைசி அடி லாரிக் குழாயின் இரும்பு முனையால் விழுந்தது, அதைப் பிடித்திருந்தவன் தவசி. பஞ்சவர்ணம் குடத்தோடு வரிசையில் நின்றாள். அவள் அடிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. சாயங்காலத்துக்குள் வெடித்துக் கிடந்த கண்மாயின் நடுவில் குழி வெட்டி அவனை மூடினார்கள். ஆடுகளைக் கல்லெறிந்து மெயின் ரோட்டுக்கு விரட்டினார்கள். பஞ்சாயத்துத் தலைவர் காத்தமுத்து, “யாரும் எதையும் பாக்கலை” என்றார். ஊர் தலையாட்டியது. மழை வந்தது, கண்மாய் நிறைந்தது, குழியிருந்த இடத்துக்கு மேலே ஆள் மட்டத்துக்குத் தண்ணீர் நின்றது, கீழே வயலெல்லாம் நெல் பச்சைகட்டியது.

கார்த்திகையில் ஒரு பெண் வந்தாள். கையில் தொரட்டி, இடுப்பில் ஒரு சாக்குப்பை. வீடு வீடாக நின்று, இந்தப் பக்கம் கோடையில் வந்த ஆட்டுக்காரரைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். எல்லா வீட்டிலும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இல்லையென்று தலையாட்டினார்கள். கடைசியில் பஞ்சவர்ணத்தின் கடைக்கு வந்து முன்னால் கிடந்த கல்லில் உட்கார்ந்தாள்.

“யக்கா, ஒரு சோடா இருந்தாக் குடுங்க.”

பஞ்சவர்ணம் முந்தானையைத் தூக்கிக்கொண்டே சோடாவை நீட்டினாள்.

“எதுக்குக்கா வாயப் பொத்துறீங்க?”

“வாடை அடிக்கும்த்தா.”

“ஆட்டோட படுத்து எந்திரிக்கிறவளுக்கு என்ன வாடை. கையை எடுத்துட்டுப் பேசுங்க, பாதி வெளங்க மாட்டேங்குது.”

பஞ்சவர்ணம் முந்தானையை இறக்கினாள். அந்தப் பெண் முகத்தைத் திருப்பவில்லை, மூச்சைப் பிடிக்கவில்லை, நேராக அவள் வாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மழைக்குப் பிறகு வெளியூர் மனிதர் ஒருவர் அவளை அப்படிப் பார்த்துப் பேசுவது அதுதான் முதல் தடவை.

“எம் பேரு ராக்கம்மா. எங்க வீட்டுக்காரரு பேரு வழிவிட்டான். ஆடுக எல்லாம் ஆனி மாசமே தானா வீடு வந்து சேந்துருச்சுக்கா. முன்னால போற கெடா வழி தெரிஞ்சது, அது கூட்டிட்டு வந்துருச்சு. ஆளு மட்டும் வரலை. அவரு போற பாதையில ஒவ்வொரு ஊரா கேட்டுட்டு வாரேன். செத்திருந்தாலும் பரவாயில்லைன்னு சொல்லிட்டுத்தான் கேக்குறேன். தாலிய என்ன செய்யன்னு எனக்குத் தெரியணும்ல.”

பஞ்சவர்ணம் கடைக்குள் தொங்கிய ஷாம்பூ சரத்தைக் காரணமில்லாமல் அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். பிறகு எதிரே வந்து தரையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னாள். செம்பில் இருந்த தண்ணீர், கொப்பளித்த சத்தம், முதல் குடம், கண்மாயில் எந்த இடம் என்பது.

ராக்கம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும், “உசுரு எந்த அடியில போச்சு?” என்று கேட்டாள்.

“கடைசி அடியில.”

“அது யாரு?”

பஞ்சவர்ணம் ரோட்டைப் பார்த்தாள். “என் கூடப் பொறந்தவன்” என்றாள்.

ராக்கம்மா எழுந்து மீதிச் சோடாவை முழுக்கக் குடித்தாள். பாட்டிலைக் கல்லின்மேல் வைத்துவிட்டு, டவுன் பஸ் வரும் திசையில் நடந்துபோனாள்.

மறுநாள் காலையில் பஞ்சவர்ணம் பல் விளக்கிவிட்டுத் தண்ணீர் குடித்தபோது தண்ணீர் தண்ணீராக இருந்தது. உள்ளங்கையில் ஊதிப்பார்த்தாள், ஒன்றும் இல்லை. கொல்லையில் உட்கார்ந்து இன்னொரு செம்பு குடித்தாள், இன்னொன்றும் குடித்தாள். அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்புறம்தான், ஊரில் இப்படி ஒரு வாயோடு தான் வெளியே போக முடியாது என்பது உறைத்தது. உள்ளே போய்ப் பானையிலிருந்து ஒரு நெத்திலிக் கருவாட்டை எடுத்துக் கன்னத்தில் அடக்கிக்கொண்டாள். அன்றிலிருந்து ஊருக்கெல்லாம் பேஸ்ட் விற்றவள் பல் விளக்குவதை நிறுத்தினாள். பூண்டைப் பச்சையாகக் கடித்தாள், பழைய மீன்குழம்பைச் சுடவைக்காமல் தின்றாள். இருந்தும் ஈக்கள் அவளை ஏமாற்றவில்லை, எல்லோர் முகத்தையும் சுற்றியவை அவள் முகத்தை விட்டு விலகிப்போயின.

தவசி பீடி வாங்க வந்தான். நெருப்பு எடுக்கக் குனிந்தவன் அப்படியே நின்றான்.

“அக்கா, வாயத் தொற.”

“எதுக்குடா?”

“தொற.”

அவள் திறந்தாள். அவன் நெருங்கிவந்து முகர்ந்தான். நிமிர்ந்தபோது அவன் முகம் சின்ன வயதில் காய்ச்சல் கண்டிருந்தபோது இருந்ததுபோல் வெளிறியிருந்தது.

“கருவாட்டு நாத்தத்துக்கும் நம்ம நாத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாமயா இருக்கேன்” என்றான். “எம் பேரையும் சொன்னியா?”

“சொன்னேன்.”

அவன் பீடியைப் பற்றவைத்தான். பிறகு, “யார்கிட்டயும் பேசாத. கடையத் தொறந்து வச்சிட்டுப் பேசாம உக்காரு” என்று சொல்லிவிட்டுப் போனான்.

மார்கழிப் பிறப்பில் ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் கரையில் நின்று கண்மாயைப் பார்த்தார். நடுவில் தேடவேண்டும், மடையைத் திறந்து இன்ஜின் வைத்துத் தண்ணீரை இறைக்கவேண்டும், உத்தரவு வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். வயலில் கதிர் அப்போதுதான் பால் பிடித்திருந்தது. தண்ணீர் போனால் நெல் போகும். நெல் போகும் என்றதும் ஊருக்கு ஆட்டுக்காரன் ஞாபகம் வரவில்லை, சொன்னது யார் என்பதுதான் வந்தது.

சொன்னவர் யாரென்று கண்டுபிடிப்பது சுலபம் என்றார் காத்தமுத்து. மறுநாள் முற்பகலில் பள்ளிக்கூட மைதானத்தில் ஊர் முழுக்க வரிசையில் நின்றது. அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொருவராக அவர் முன்னால் குனிந்து வாயைத் திறந்து ஹா என்று ஊதினார்கள். அவர் கண்ணை மூடி முகர்ந்து, “போ” என்றார். “போ” என்று கேட்டவர்கள் கோயிலில் திருநீறு வாங்கியவர்கள்போல நிம்மதியாக நகர்ந்தார்கள்.

பஞ்சவர்ணத்தின் பின்னால் தவசி வந்து நின்றான். அவள் முறை வந்தபோது அவனும் கூடவே குனிந்தான், தாடை அவள் தோளில் இடிக்க, அவள் காதோரமாக வாயைத் திறந்து ஊதினான். காத்தமுத்துவின் மூக்கில் அவன் மூச்சுதான் போய்ச் சேர்ந்தது.

“போ” என்றார்.

அவள் ஓரமாகப் போய் நின்றாள். வரிசை நகர்ந்தது. கடைசிப் பக்கம் வந்தபோது காத்தமுத்து கண்ணைத் திறந்தார். அவர் முன்னால் சுகன்யா நின்றாள். லாரி ஓட்டும் ராசுவைக் கட்டிக்கொண்டு புரட்டாசிக்கு முன்னால் வந்த பெண், மூன்றாவது மாதம் முழுகாமல் இருந்தாள். காத்தமுத்து மறுபடியும் ஊதச்சொன்னார். ஊதினாள். அது வெறும் காற்றாக இருந்தது.

ராசு வரிசையை உடைத்துக்கொண்டு ஓடிவந்தான். “அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. நான் அவகிட்டச் சொல்லவே இல்ல.”

“கல்யாணமாகி இத்தனை நாளா பொண்டாட்டிகிட்டச் சொல்லாம இருந்தியாக்கும்?” என்றார் காத்தமுத்து.

“சொல்லலை. சொல்ல மனசு வரலை. அவ வாயாவது நல்லா இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

யாரும் நம்பவில்லை. பெண்டாட்டியிடம் ஒரு மனுஷன் அப்படி மறைத்துவைப்பான் என்பது அந்த ஊரில் யாராலும் நினைத்துப்பார்க்க முடியாததாக இருந்தது. யாரோ சுகன்யாவின் சடையைப் பிடித்தார்கள். வேறு யாரோ ராசுவைக் கீழே தள்ளினார்கள். சுகன்யா எதற்கென்று புரியாமல் வயிற்றைக் கையால் மறைத்துக்கொண்டாள். நிறையக் கைகள் சேர்ந்துகொண்டிருந்தன. பஞ்சவர்ணம் அந்தக் கைகளைப் பார்த்தாள். அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் கன்னத்திலிருந்த கருவாட்டைத் துப்பிவிட்டுக் கூட்டத்துக்குள் போனாள்.

“அந்தப் புள்ளைய விடுங்க. சொன்னது நானு.”

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. நாற்காலிக்கு முன்னால் போய் வாயைத் திறந்து காத்தமுத்துவின் முகத்தில் ஊதினாள். பக்கத்தில் நின்றவர்கள்மேலும் அந்த மூச்சு பட்டது. சுத்தமான வாய் எப்படி இருக்கும் என்பது மறந்துபோயிருந்த சில பெண்கள், தாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே ஓரடி அவளை நோக்கி வந்தார்கள். அவ்வளவுதான் அவளுக்காக நடந்தது. வந்தவர்கள் உடனே பின்னால் போய்விட்டார்கள்.

தவசி வந்து அவளுக்கு முன்னால் நின்றான். கையில் ஒன்றும் இல்லை. ஆனாலும் அவன் என்ன செய்யக்கூடியவன் என்று ஊருக்குத் தெரியுமாதலால் யாரும் அவளைத் தொடவில்லை. அதற்குப் பதிலாக அவள் கடையைக் கொளுத்தினார்கள். தகரம் சிவந்து மடங்க, உள்ளே பேஸ்ட் குழாய்கள் வெடித்து, கிராம்பும் புதினாவும் கற்பூரமுமாகப் புகை எழுந்து தெருத்தெருவாகப் போனது. சாயங்காலம்வரை செவ்வூருணி முழுக்க மணத்தது. பிள்ளைகள் வெளியே வந்து மூச்சை இழுத்து இழுத்து விட்டார்கள்.

உத்தரவு வந்தது. மடை திறந்தார்கள், இன்ஜின்கள் இரவு பகலாக ஓடின. நெல் நின்ற நிலையிலேயே வெளுத்தது. ஊர் கரைமேல் வரிசையாக உட்கார்ந்து தண்ணீர் குறைவதைப் பார்த்தது. இன்ஸ்பெக்டர் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டார். ஒவ்வொருவரும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, தெரியாதுங்க என்றார்கள். சேற்றில் பஞ்சவர்ணம் இறங்கிப்போய் இடத்தைக் காட்டினாள். அவர்கள் கண்முன்னாலேயே அவனை வெளியே எடுத்துக் கரையில் வைத்தபோதும் அவர்கள் தெரியாதென்றே சொன்னார்கள், அதனால் வாடையும் அவர்களை விட்டுப் போகவில்லை.

எலும்பும் துணிக்கிழிசலுமாக இருந்ததை ராக்கம்மாவிடம் காட்டி, இது உன் புருஷன்தானா என்று கேட்டார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து விரலால் வாய்ப்பக்கத்துச் சேற்றை வழித்தாள். பற்கள் ஒன்றுகூட விழாமல் வெள்ளையாக இருந்தன. முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு நெல் நுழையும் அளவுக்கு இடைவெளி.

“இவருதான்” என்றாள். “இந்தச் சந்துல சீழ்க்கை அடிச்சுத்தான் ஆட்டக் கூப்பிடுவாரு.” பிறகு கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனாள்.

தவசி ஓடவில்லை. ஜீப்புக்குப் பக்கத்தில் தானாகவே வந்து நின்றான். அடித்தாயா என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. கூட யார் யார் என்றதற்கும் சொல்லவில்லை. பஞ்சவர்ணம் சேற்றுக் காலோடு அவனிடம் போனாள்.

“சொல்லிரு தம்பி. ஆமான்னு ஒரு வார்த்தை. ஒரு செம்புத் தண்ணி நல்லாக் குடிக்கலாம்டா.”

அவன் அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவளுக்குப் பின்னால் ராக்கம்மா தாலியைக் கையில் பொதிந்து வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான். ஏறி உட்கார்ந்தான். ஜீப் கரைமேட்டில் ஆடி ஆடி ஏறி, மெயின் ரோட்டில் திரும்பி, தெரியாமல் போனது.

அவன் நின்ற இடத்தில் அந்த வாடை கொஞ்சநேரம் இருந்தது. ராக்கம்மா, எங்கூட வாங்க, கிளம்பலாமா என்று கேட்டாள். பஞ்சவர்ணம் கையைக் காட்டி அவளை இருக்கச் சொல்லிவிட்டு, காற்று அதைக் கலைத்துக் கொண்டுபோகும்வரை அங்கேயே நின்று மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள்.